கெம்செக்ஸ்: உதவி தேடி வருபவரிடம் எப்படிப் பேசுவது?

தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் ராமநாதபுரம் கடற்கரையில் ஏதோ ஓர் ஊரில், எச்ஐவி பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்திலோ சுகாதார நிலையத்திலோ தொண்டு நிறுவனத்திலோ புதிதாக ஆலோசகர் வேலைக்குச் சேர்ந்திருப்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். நர்ஸ்களுக்கும் களப்பணியாளர்களுக்கும்கூடப் பயன்படும். பயிற்சி வகுப்பில் போதைப் பழக்கம் பற்றி ஒரு நாள், எச்ஐவி பற்றி ஒரு நாள் என்று சொல்லித் தருவார்கள். இரண்டும் ஒரே ஆளிடம், ஒரே இரவில், பின்னிக் கிடந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனி வகுப்பு இருக்காது.

கெம்செக்ஸ் என்றால், உடலுறவுக்காகவே குறிப்பிட்ட சில போதைப்பொருட்களை அதற்கு முன்போ நடுவிலோ எடுத்துக்கொள்வது. பெரும்பாலும் ஆணோடு உறவுகொள்ளும் ஆண்கள் மத்தியில், திருநங்கைகள் சிலரிடமும், காணப்படும் பழக்கம் இது. டேட்டிங் செயலி வழியாக ஆள் சேர்வார்கள். இரண்டு பேராகவும் இருக்கலாம், ஒரு அறையில் பத்துப் பேராகவும் இருக்கலாம். சில மணி நேரத்தில் முடியலாம், இரண்டு மூன்று நாள் தூக்கமில்லாமல் நீளவும் செய்யலாம். செயலிகளில் 'ஹை ஃபன்' என்று எழுதியிருந்தால் இதைத்தான் சொல்கிறார்கள். குடித்துவிட்டு மனைவியோடு படுப்பதையோ, கல்யாண வீட்டில் பீர் அடித்துவிட்டு எங்கோ போய் வந்ததையோ கெம்செக்ஸ் என்று யாரும் சொல்வதில்லை.

மூன்று பொருட்களின் பெயர் தெரிந்திருந்தால் போதும். முதலாவது மெத்தம்பெட்டமைன், சுருக்கமாக 'மெத்'. நம் செய்தித்தாள்களில் 'ஐஸ்' என்று வருவது அதுதான். இதயத்தை வேகமாக ஓட வைக்கும், பசியையும் தூக்கத்தையும் விரட்டும், ஆசையைக் கூட்டி அச்சத்தைக் குறைக்கும். இரண்டாவது மெஃபெட்ரோன். எம்.டி. என்பார்கள், மியாவ் மியாவ் என்றும் சொல்வதுண்டு. அதுவும் இதே ரகம், ஆனால் சீக்கிரம் இறங்கிவிடும், அதனால் திரும்பத் திரும்ப எடுக்கத் தோன்றும். மூன்றாவது ஜிஎச்பி, ஜிபிஎல் எனும் திரவங்கள், சுருக்கமாக 'ஜி'. இது எதிர்த்திசை: உடலைத் தளர்த்தும், மயக்கும். இதில் கிறக்கத்துக்கும் மூச்சு நிற்பதற்கும் நடுவே இருக்கும் இடைவெளி மிகச் சிறியது. மது கலந்தால் அந்த இடைவெளியும் போய்விடும். இந்தியாவில் அதிகம் காதில் விழுவது முதல் இரண்டும்தான்.

"இதெல்லாம் சென்னை, பெங்களூர் சமாச்சாரம். நம்ம பக்கம் ஏது?" என்று கூட வேலை பார்ப்பவர்களே கேட்பார்கள். இங்கே நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே. கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பிறந்து சென்னையிலோ துபாயிலோ வேலை பார்ப்பவர்கள் எத்தனை பேர். தங்கச்சிமடத்துப் பையன் பெங்களூரில் வேலையில் இருப்பான். வெள்ளிக்கிழமை ராத்திரி நடந்தது அங்கே. உடம்பும் மனசும் சரிந்து விழும்போது வந்து படுப்பது அம்மா வீட்டில். ஆக, கொண்டாட்டம் நகரத்துக்கு, பின்விளைவு நம்ம ஊருக்கு. உங்கள் மேஜைக்கு எதிரே வந்து உட்கார்பவர் "தூக்கமே வரல சார்" என்றோ "ஒரு ரத்தப் பரிசோதனை எடுக்கணும்" என்றோ மட்டும்தான் தொடங்குவார்.

இன்னொன்றையும் பிரித்துப் பார்க்க வேண்டும். மண்டபம், வேதாளை பக்கம் இலங்கைக்குக் கடத்த வைத்திருந்த ஐஸ் சிக்கியது என்று அடிக்கடி செய்தி வரும். அதைப் படித்துப் படித்து, 'ஐஸ்' என்ற சொல் வந்தவுடனே கடத்தல்காரன் முகம் நமக்கு மனதில் வந்துவிடுகிறது. உங்கள் முன்னால் இருப்பவர் கடத்தல்காரர் இல்லை. அந்த முகத்தை மனதிலிருந்து கழற்றி வைத்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்.

இரண்டாகக் கிழிந்த கதை

இந்தத் துறையில் லண்டனில் இருக்கும் 56 டீன் ஸ்ட்ரீட் என்ற பாலியல் நல மருத்துவமனையின் பெயர் அடிக்கடி அடிபடும். அங்கே வேலை பார்த்த டேவிட் ஸ்டூவர்ட் என்பவர்தான் கெம்செக்ஸ் என்ற சொல்லைப் பரவலாக்கியவர்களில் முக்கியமானவர். 2022-ல் காலமானார். அங்கே அவர்கள் செய்தது கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும்: பாலியல் நோய்ப் பரிசோதனைக்கு வருபவரிடம் அதே கட்டடத்தில் போதைப்பொருள் பற்றியும் பேச ஓர் ஆளை உட்கார வைத்தார்கள். அதற்கு முன்பு போதை மறுவாழ்வு மையங்களுக்கு ஹெராயினும் குடியும் தெரியும், ஆண்களுக்கிடையிலான உறவு பற்றிப் பேச வராது. பாலியல் மருத்துவமனைகளுக்கு மேகநோய் தெரியும், மெத் தெரியாது.

நம்மிடம் இன்றும் அப்படித்தான் இருக்கிறது. எச்ஐவி என்றால் நம்பிக்கை மையம். போதை என்றால் மனநலப் பிரிவு. பால்வினை நோய்க்கு வேறு அறை. வருகிறவர் தன் கதையைத் துண்டு போட்டு, ஒவ்வொரு அறையிலும் அந்த அறைக்குத் தக்க துண்டை மட்டும் கொடுத்துவிட்டுப் போகிறார். நம்பிக்கை மையத்தில் ஆணுறை போடவில்லை என்பார், ஏன் போடவில்லை என்பதைச் சொல்ல மாட்டார். மனநல மருத்துவரிடம் ஐஸ் எடுத்தேன் என்பார், யாரோடு எதற்காக என்பதை விழுங்கிவிடுவார். இருவருமே பாதி நோயாளிக்குத்தான் மருத்துவம் பார்க்கிறார்கள். ஆகவே உங்கள் முதல் வேலை போதையை நிறுத்தச் செய்வது அல்ல. முழுக் கதையையும் ஒரே மூச்சில் சொல்ல ஓர் ஆள், ஓர் அறை இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வைப்பதுதான். மற்ற எல்லாமே அதற்கு அப்புறம்.

முழுக் கதையில் சுகமும் ஒரு பகுதி. அதைக் கேட்க நமக்குக் கூச்சமாக இருக்கும், அதனால் நேரே ஆபத்துக்குத் தாவிவிடுவோம். ஆனால், சின்ன வயதிலிருந்து தன் நடையையும் குரலையும் மற்றவர்கள் கேலி செய்ய வளர்ந்த ஒருவர், தன் உடம்பைப் பற்றி வெட்கமில்லாமல் இருந்த முதல் ராத்திரி அதுவாக இருக்கலாம். கல்யாணப் பேச்சு, பெண் பார்க்கும் படலம், ஜமாத்தோ சர்ச் பங்கோ என்ன சொல்லும் என்ற பயம், எச்ஐவி வந்துவிடுமோ என்ற நடுக்கம், தனிமை என்று எல்லாவற்றையும் ஐஸ் சில மணி நேரம் வாயடைத்து வைக்கிறது. என்ன கொடுத்தது என்று கேட்காமல் என்ன கெடுத்தது என்று மட்டும் கேட்டால், அவர் ஏன் திரும்பத் திரும்பப் போகிறார் என்பது உங்களுக்குக் கடைசிவரை புரியாது.

"நீங்க யாரு வீட்டுப் புள்ள?"

இந்தக் கரையில் புதிதாக யாரைப் பார்த்தாலும் நம் வாயில் வரும் முதல் கேள்வி எந்த ஊரு, யாரு மகன் என்பதுதான். பாசத்தில் கேட்பதுதான், தப்பில்லை. ஆலோசனை அறையில் மட்டும் அந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது. அதற்குப் பதில் சொல்லிவிட்டால் அவர் ஒரு தனி ஆளாக இல்லாமல் ஒரு குடும்பமாக, ஒரு தெருவாக, ஒரு படகாக மாறிவிடுகிறார். அப்புறம் உண்மை வராது.

"பேரு சொல்லணும்னு அவசியம் இல்ல தம்பி. கூப்பிட ஒரு பேரு மட்டும் குடுங்க, போதும்" என்று ஆரம்பிக்கலாம். பரிசோதனைப் பதிவேட்டுக்கு வேண்டிய விவரங்களை அதற்குரிய நேரத்தில், எதற்காகக் கேட்கிறோம் என்று சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். உங்களைவிட மூத்தவர் என்றால் அண்ணே. கீழக்கரையில் காக்கா என்பார்கள், அப்படியே கூப்பிடலாம். ஆனால் உறவுமுறைச் சொல்லுக்கு ஒரு பாரமும் உண்டு. "அக்கா" என்று கூப்பிட்ட ஆளிடம் உடலுறவு பற்றிப் பேச நாக்கு எழாத பையன்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு "மேடம்" என்பதுதான் வசதி. அவர் வசதிக்கு விட்டுவிடுங்கள்.

வந்தவர் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால்? சின்ன ஊர்களில் இது நடக்காமல் இருக்காது. தெரியாத மாதிரி நடிக்க வேண்டாம். "உங்களை எனக்குத் தெரியும், உங்களுக்கும் என்னைத் தெரியும். இங்க பேசுறது இந்த அறையை விட்டு வெளிய போகாது. ஆனா உங்களுக்குச் சங்கடமா இருந்தா வேற ஆள்கிட்ட மாத்தி விடுறேன்" என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். அப்புறம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தால், அவர் முதலில் சிரித்தால் நீங்களும் சிரியுங்கள். அவர் முகத்தைத் திருப்பினால் நீங்களும் போய்க்கொண்டே இருங்கள். அடுத்த தேதியை நினைவூட்ட போன் செய்தால், வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்வது என்பதையும் முன்கூட்டியே அவரிடமே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். மையத்தின் பெயரைச் சொல்லி "ரிசல்ட் வந்துருச்சு" என்று அவர் தங்கையிடம் சொன்னால், அன்றோடு அவர் வரவு முடிந்தது.

வளைகுடா வேலைக்குப் போகிறவர்களுக்குக் கூடுதலாக ஒரு பயம் உண்டு. அந்நாடுகள் வேலை விசாவுக்கு எச்ஐவி பரிசோதனை கேட்கின்றன, இருந்தால் மறுத்துவிடுகின்றன. அதனால் இங்கே பரிசோதனை எடுத்தாலே விசா மருத்துவத்துக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்து ஒதுங்குகிறார்கள். நம்பிக்கை மையத்தின் முடிவு அங்கெல்லாம் போவதில்லை என்பதை அவர் கேட்காமலே சொல்லுங்கள்.

ரகசியம் காப்பது உங்கள் நல்ல மனசைச் சார்ந்தது மட்டுமல்ல, சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த 2017-ன் எச்ஐவி, எய்ட்ஸ் தடுப்புச் சட்டம் ஒருவரின் எச்ஐவி நிலையை அவர் சம்மதமின்றி வெளியிடுவதைத் தடுக்கிறது. 2017-ன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மது, போதை சார்ந்த மனநிலைகளையும் தன் வரையறைக்குள் எடுத்துக்கொண்டு, சிகிச்சை பெறுபவருக்கு ரகசிய உரிமை தருகிறது. மனைவிக்குத் தெரிவிப்பது பற்றித்தான் எல்லோரும் குழம்புவார்கள். எச்ஐவி உள்ளவரின் துணைக்குப் பெரிய ஆபத்து இருப்பதாக நியாயமாக நம்பினால், அவருக்கே சொல்லச் சொல்லி ஆலோசனை தந்து, அவர் சொல்ல மாட்டார் என்று உறுதியாகி, நான் சொல்லப் போகிறேன் என்று அவரிடம் தெரிவித்த பிறகே மருத்துவரோ ஆலோசகரோ துணையிடம் நேரில் சொல்லலாம் என்று சட்டம் படிப்படியாக வரையறுத்திருக்கிறது. அவசரப்பட்டு வீட்டுக்குப் போன் போடும் வேலை அதில் எங்கேயும் இல்லை.

ரகசியத்துக்கு எல்லையும் உண்டு. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். பதினெட்டு வயதுக்குக் கீழ் ஒருவர் பாலியல் செயலில் சம்பந்தப்பட்டிருந்தால், 2012-ன் போக்சோ சட்டப்படி தெரிவிக்கும் கடமை உங்களுக்கு உண்டு. உயிருக்கு உடனடி ஆபத்து என்றாலும் அப்படியே. எல்லாம் கொட்டித் தீர்த்த பிறகு "இதை நான் சொல்லித்தான் ஆகணும்" என்பது துரோகமாகத்தான் படும்.

என்ன கேட்பது

முதலில் அனுமதி. "கொஞ்சம் அந்தரங்கமான கேள்வி. பிடிக்கலைன்னா பதில் சொல்ல வேணாம், கேக்கவா?" அப்புறம் பொதுவாகக் கேட்காமல் கடைசியாக நடந்த ஒன்றைப் பற்றி மட்டும் கேளுங்கள். "அடிக்கடி எடுப்பீங்களா?" என்றால் "எப்பவாச்சும்" என்ற பதில்தான் வரும். "கடைசியா எப்போ? அன்னைக்கு எப்ப ஆரம்பிச்சுது, எப்ப தூங்குனீங்க?" என்றால் கதை வரும். அந்தக் கதைக்குள்ளேயே உங்களுக்கு வேண்டியதெல்லாம் இருக்கும்: என்ன எடுத்தார், புகையா மூக்கா ஊசியா, யார் ஏற்றிவிட்டார்கள், எத்தனை பேர், ஆணுறை, சாப்பாடு, தண்ணீர், மாத்திரை தவறியதா, பணம் யார் கொடுத்தது, யாராவது படம் எடுத்தார்களா, அவர் வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஏதாவது நடந்ததா.

"ஏன்" என்று தொடங்கும் கேள்வியைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஏன் போனீங்க, ஏன் போடல என்பது நம் வீடுகளில் அடிக்கு முன்னால் வரும் கேள்வி. நீங்கள் கேட்கும்போதும் அவர் உடம்பு அப்படித்தான் சுருங்கும்.

கடைசியில், அவருக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள். முழுக்க விட்டுவிட வேண்டும் என்பார் சிலர். ஞாயிற்றுக்கிழமை தூங்கி எழுந்து திங்கட்கிழமை வேலைக்குப் போக முடிந்தால் போதும் என்பார் சிலர். ஊசியை மட்டும் நிறுத்த வேண்டும் என்பவர்களும் உண்டு. அந்த இலக்கு உங்களுக்குச் சின்னதாகத் தோன்றினாலும் அதிலிருந்தே தொடங்குங்கள். பெரிய சபதம் வாங்கி அனுப்பினால், உடைந்த பிறகு உங்கள் முகத்தில் விழிக்க வெட்கப்பட்டு வராமல் இருந்துவிடுவார்.

போதை தொடர்ந்தாலும் கேடு குறைய வழி செய்வது போதைக்குத் துணைபோவது என்று சிலர் வாதிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஊசி பகிராமல் இருக்கப் புது ஊசி கொடுப்பது நம் நாட்டு எச்ஐவி தடுப்புத் திட்டத்திலேயே உள்ள வேலை. அரசு வழிகாட்டுதலுக்கு உட்பட்டு எச்ஐவி ஆபத்தைக் குறைக்கச் செய்யப்படுவது குற்றமாகாது என்று மேலே சொன்ன எச்ஐவி சட்டமே சொல்கிறது.

உடம்புக்கு

நேரம் முக்கியமான விஷயம் முதலில். ஆணுறை இல்லாத உறவோ ஊசிப் பகிர்வோ நடந்து 72 மணி நேரம் தாண்டவில்லை என்றால், எச்ஐவி தொற்றாமல் தடுக்கும் பெப் மருந்தைத் தொடங்கலாம். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். சனிக்கிழமை ராத்திரி நடந்ததற்குத் திங்கட்கிழமை வருபவருக்கு நேரம் இருக்கிறது. "முதல்ல கவுன்சிலிங் முடியட்டும்" என்று வியாழக்கிழமைக்குத் தேதி கொடுத்தால் இருக்காது. இப்படி அடிக்கடி நடக்கிறது என்றால், முன்கூட்டியே எடுக்கும் பிரெப் மாத்திரை பற்றி, எச்ஐவிக்கான கூட்டு மருந்து (ஏஆர்டி) தரும் ஏஆர்டி மைய மருத்துவரிடம் பேசச் சொல்லுங்கள்.

சிஃபிலிஸ், கொனோரியா, ஹெபடைடிஸ் பி, சி பரிசோதனைகளும் வேண்டும். ஹெபடைடிஸ் பி-க்குத் தடுப்பூசி உண்டு. சி-க்கு 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவச சிகிச்சை உண்டு, பெரும்பாலானோருக்குக் குணமாகிவிடும். ஊசி பகிர்ந்தவர்களிடம் இதைக் கேட்காமல் விட்டுவிடாதீர்கள்.

ஏற்கெனவே ஏஆர்டி எடுப்பவர் என்றால் எந்த மாத்திரை என்று பாருங்கள். இப்போது பெரும்பாலோர் எடுக்கும் டோலுடெக்ராவிர் கலந்த மாத்திரையில் பெரிய சிக்கல் இல்லை. இரண்டாம் கட்ட மருந்துகளில் ரிடோனாவிர் கலந்திருந்தால் அது மெத், ஜி போன்றவற்றை உடம்பில் தேக்கி வைத்துவிடும். வழக்கமாக எடுக்கும் அளவே அபாயமாகலாம். இதை மருத்துவர் காதில் போட வேண்டும், அதற்கு வந்தவரின் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள். விறைப்புக்கான சில்டெனஃபில் மாத்திரையும் முகர்ந்து பார்க்கும் பாப்பர்ஸும் சேர்ந்தால் ரத்த அழுத்தம் சட்டென்று கீழே போய்விடும். இந்த இரண்டையும் சேர்க்கவே கூடாது என்று தெளிவாகச் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு: ஒருவர் எழுப்பினால் எழவில்லை, மூச்சு குறட்டை மாதிரி அல்லது விட்டுவிட்டு வருகிறது என்றால் 108. அதுவரை ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், தனியாக விடக் கூடாது. தூங்கட்டும் என்று விட்டு வைத்துத்தான் பல உயிர் போயிருக்கிறது. மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர் எதுவும் வாயில் ஊற்றாதீர்கள், வாந்தி எடுக்க வைக்காதீர்கள். மெத் எடுத்தவருக்கு உடம்பு கொதித்து, நெஞ்சு வலித்து, உளறல் வந்தாலும் 108 தான். காற்றில்லாத அறையில் சித்திரை வெயில் சேர்ந்தால் இது வேகமாக மோசமாகும், ஈரத்துணியால் குளிரவையுங்கள். போலீஸ் வந்துவிடுமோ என்ற பயத்தில்தான் கூட இருந்தவர்கள் போன் செய்வதில்லை. "அந்த நேரத்துல என்ன எடுத்தாருங்கிறதை டாக்டர்கிட்ட மட்டும் சொன்னா போதும்" என்று அவரோடு முன்கூட்டியே பேசி வையுங்கள். இன்னொரு விஷயம்: ஜி தினமும் மணிக்கணக்கு வைத்து எடுப்பவர் திடீரென்று நிறுத்தினால் வலிப்பும் சித்தக் கலக்கமும் வரும். அவரை "இன்னையோட விட்டுருங்க" என்று வீட்டுக்கு அனுப்பாதீர்கள். மருத்துவமனையில் வைத்துத்தான் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

மனசுக்கு

ஐஸ் தரும் சந்தோஷம், வியாபாரியிடம் வாங்கும் முன்பணம் மாதிரி. வாங்கிய ராத்திரி கை நிறைய இருக்கும். அப்புறம் வாரம் முழுக்க வரும் மீனெல்லாம் கடனுக்குப் போய்விடும். எடுத்து இரண்டு மூன்று நாள் கழித்து வரும் அந்த இறக்கத்தில் அழுகை, எரிச்சல், எதிலும் ஈடுபாடின்மை, சாகலாம் என்ற நினைப்பு எல்லாம் வரும். "செத்துரலாம்னு தோணுச்சா?" என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. தோன்றியது என்றால், தனியாக விடாமல் மனநல மருத்துவரிடம் சேர்க்கும்வரை உங்கள் பொறுப்பு. ராத்திரியில் 14416 என்ற டெலிமானஸ் அரசு மனநல உதவி எண்ணில் தமிழில் பேசலாம்.

தூக்கமில்லாமல் நாள் கணக்கில் எடுத்தவருக்குச் சந்தேக நோய் போல வரலாம். யாரோ பின்தொடர்கிறார்கள், போனில் கேட்கிறார்கள், காதில் குரல் கேட்கிறது என்பார். பெரும்பாலும் போதைப்பொருளை நிறுத்தி, தூங்கி, சிகிச்சை எடுத்தால் சில நாளில் தணியும். சிலருக்கு நீடிக்கும். ஆனால் நம் மாவட்டத்தில் இப்படி ஒருவரை வீட்டார் முதலில் அழைத்துப் போவது ஏர்வாடி தர்காவுக்கு. எந்த மதமானாலும் சரி. அதைக் கேலி செய்து பயனில்லை. தர்காவுக்குப் போகட்டும், கூடவே டாக்டரையும் பார்க்கட்டும் என்பதுதான் நடைமுறைக்கு ஒத்துவரும் பேச்சு. துவாவும் மருந்தும் சேர்ந்து போகட்டும் என்று அங்கேயே அரசு மனநல சிகிச்சை நடக்கிறது. கட்டிப் போடுவதற்கு மட்டும் சம்மதிக்கவே கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இன்று சட்டப்படியே சங்கிலி தடை. அடித்துத் திருத்தும் மறுவாழ்வு இல்லங்களில் பணம் கட்டிச் சேர்க்கலாமா என்று வீட்டார் கேட்டால், இந்தத் தீ விபத்தைச் சொல்லலாம்.

"இந்த ஆசையையே மாத்திருங்க" என்று வீட்டாரோ அவரேகூடவோ கேட்பார்கள். அது நோய் இல்லை, மாற்றும் சிகிச்சையும் இல்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் சுஷ்மா வழக்கில் இப்படி ஆசையை மாற்ற முயலும் சிகிச்சைக்குத் தடை போட்டது. மறு ஆண்டு தேசிய மருத்துவ ஆணையம் அதைத் தொழில் ஒழுக்கமீறல் என்று அறிவித்தது. வயது வந்த இருவர் மனமொத்த உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் 2018 செப்டம்பர் 6 அன்றே சொல்லிவிட்டது.

மெத் பழக்கத்தை விடுவிக்கவென்றே அங்கீகரிக்கப்பட்ட மாத்திரை இதுவரை கிடையாது. பேச்சுதான் சிகிச்சை. அதிலும், எடுக்காத ஒவ்வொரு வாரத்துக்கும் சிறு வெகுமதி தரும் முறைக்குத்தான் ஆய்வு ஆதாரம் வலுவாக இருக்கிறது. நம் மையங்களில் வெகுமதிக்குப் பணம் ஏது என்பீர்கள். சரிதான். ஆனால் "விட்டாச்சா?" என்று விசாரிப்பதைவிட "இந்த வாரம் எப்படி சமாளிச்சீங்க?" என்று கேட்பதற்குச் செலவில்லை. செயலியை எந்த நேரத்தில் திறக்கிறார், சம்பளம் வரும் நாளா, ஊரில் சண்டை நடந்த நாளா என்று அவரோடு சேர்ந்து கண்டுபிடிப்பதும் அப்படித்தான். போதை இல்லாமல் நெருக்கம் சாத்தியமா என்பது பலருக்கு உண்மையிலேயே பயம் தரும் கேள்வி. அதற்கும் நேரம் ஒதுக்குங்கள்.

சட்டப் பயத்தோடு வருபவருக்கு ஒரு தகவல்: 1985-ன் போதைப்பொருள் சட்டப்படி உட்கொள்வது குற்றம். அதே சட்டத்தின் 64ஏ பிரிவு, சிறு அளவு அல்லது உட்கொண்ட குற்றத்துக்கு ஆளான போதை அடிமை, அரசு அங்கீகரித்த இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்து முடித்தால் வழக்கிலிருந்து விலக்குத் தருகிறது. வழக்கு ஏற்கெனவே இருந்தால் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச வழக்கறிஞரைக் கேட்கச் சொல்லுங்கள்.

மயங்கிக் கிடந்தபோது தனக்கு என்ன நடந்தது என்று தெரியாமல் வருபவர்கள் உண்டு. "நானாத்தானே போனேன்" என்று தன்மேலேயே பழி போடுவார்கள். அறைக்குப் போனது எல்லாவற்றுக்கும் சம்மதம் ஆகாது என்று சொல்ல வேண்டும். ஆனால் சட்டம் இங்கே கைவிட்டிருக்கிறது. 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சம்ஹிதாவில், 'இயற்கைக்கு மாறான' உறவு பற்றிய பழைய சட்டத்தின் 377-ஆம் பிரிவுக்கு மாற்று இல்லாததால், வயது வந்த ஆணுக்கு நடக்கும் பாலியல் வன்முறைக்கென்று தனிப் பிரிவே இல்லை. காயம், மிரட்டல், பணம் பறித்தல் போன்ற பிரிவுகளில்தான் புகார் தர முடியும். பொய் நம்பிக்கை தராதீர்கள். மருத்துவப் பரிசோதனையும் பெப்பும் புகார் கொடுக்காமலே கிடைக்கும் என்பதைச் சொல்லுங்கள். வீடியோவை வைத்துப் பணம் கேட்கிறார்கள் என்றால் பணம் அனுப்பாமல், உரையாடலை அழிக்காமல், 1930 சைபர் குற்ற எண்ணுக்குப் போகலாம்.

மேல் சிகிச்சைக்கு ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையா, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையா என்பதை அவரையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பக்கத்தில் இருப்பது வசதி என்று நமக்குத் தோன்றும். வரிசையில் பெரியப்பா மகன் நிற்பான் என்பது அவருக்குத் தெரியும். மதுரைக்குப் போக இரண்டரை மணி நேரம் பஸ்ஸில் உட்காருவதை அவர் விரும்பினால் அதுவே சரி. வெறும் சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பாமல், அங்கே இருக்கும் ஆலோசகருக்கு அவர் எதிரிலேயே போன் போட்டு, என்னென்ன சொல்லலாம் என்று அவரிடம் கேட்டுவிட்டுப் பேசுங்கள். கதையை அவர் மறுபடியும் முதலிலிருந்து சொல்ல வேண்டியதில்லை.

கேஸ் ஷீட்டில் எழுதும்போது "தகாத உறவு", "கெட்ட பழக்கம்" என்ற சொற்கள் வேண்டாம். எடுத்த பொருள், கடைசித் தேதி, செய்த பரிசோதனை, அடுத்த வருகை, அவர் சொன்ன இலக்கு இவை போதும். கூட இருந்தவர்களின் பெயர், லாட்ஜின் பெயர், செயலியில் அவர் வைத்திருக்கும் பெயர் எதையும் எழுத வேண்டாம். அந்தத் தாளை அடுத்த ஷிஃப்டில் படிப்பவரும் இந்த ஊர்க்காரர்தான்.